கண்ணுக்குள் மின்னல் வெட்டிய ஐப்பசி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன், இடக்கண் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெளிச்சம். மழைக்காலம்தானே, மின்னல் என்று எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வெட்டியது. காலையில் பால் பாத்திரத்துக்கு மேலே கொசு. கையை வீசினால் அது பார்வையோடு சேர்ந்தே நகர்கிறது. வலி துளியும் இல்லை. ரெட்டினாவுக்கு, அதாவது கண்ணுக்குப் பின்னால் இருக்கிற விழித்திரைக்கு, வலி தெரியாதாம். அதனால் நாலு நாள் சும்மா இருந்துவிட்டேன், சுத்த மடத்தனம்.

சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் பார்த்த டாக்டர், "நரம்பு வீங்கின மாதிரி இருக்கும்மா, எம்ஆர்ஐ எடுத்துடலாம்" என்றார். தலைக்குள் அழுத்தம் கூடினாலும் கண் நரம்பின் முகப்பு இப்படித்தான் மேடிடுமாம். அந்தக் குழாய்க்குள் கிடந்தபோது குலதெய்வத்துக்கு ஒரு கடா நேர்ந்துகொண்டேன். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.

பிறகு ரெட்டினா டாக்டர். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கிற ஓசிடி ஸ்கேன், சில நிமிஷ வேலை. திரையில் கொடிக்கயிறு மாதிரி மெல்லிய கோடு, நரம்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு அதையே தூக்கிப் பிடித்திருந்தது. "நுங்கு தோண்டியிருக்கீங்களாம்மா? எல்லா இடமும் விட்டுட்டு ஒரு இடத்துல மட்டும் தோல் பிடிச்சுக்கும்ல, அதான்" என்றார். கண்ணுக்குள் இருக்கிற விட்ரியஸ் ஜெல் ஏறக்குறைய 4 மில்லி, பெரும்பாலும் தண்ணீர். வயசாக ஆக நீர்த்துச் சுருங்கி ரெட்டினாவை விட்டு விலகும். நரம்பைச் சுற்றி ஒட்டு கெட்டி, அங்கே லேசில் விடாது. ஜெல் இழுக்க இழுக்க, ரெட்டினாவுக்கு அது வெளிச்சமாகத்தான் தெரியும். மருந்து எதுவும் தரவில்லை. 6 வாரம் கழித்து வரச் சொன்னார். புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றைக்கே.

ஐந்தாவது வாரம் மின்னல் நின்றது. பதிலுக்கு ஒரு வளையம் மிதக்கிறது. வைஸ் வளையமாம், நரம்பின் விளிம்பிலிருந்து பிய்ந்து வந்த திசு. மறுபடி எடுத்த ஸ்கேனில் விளிம்பு படிந்திருந்தது. கடா இன்னும் பாக்கி.

பதில்:

உங்களுக்கு இழுத்ததோடு விட்டது அக்கா. எனக்கு வயது 41, கண்ணாடி மைனஸ் 8. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இது சீக்கிரமே வருமாம். இதே மின்னல், கூடவே மிளகுப்பொடி தூவினது போலப் புள்ளிகள். ஓரத்தில் ரெட்டினா கிழிந்திருந்தது, அன்றே லேசர். லேசரைக்கூடத் தாங்கிவிடலாம், படுக்கவைத்து ஒரு சின்னக் கம்பியால் இமைமேல் அமுக்கி ஓரம்வரை பார்ப்பார்களே, அப்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். பைக்கில் போனவன், கூசின கண்ணோடு ஆட்டோவில் திரும்பினேன். வண்டி ரெண்டு நாள் அங்கேயே நின்றது.