புதுப்பிப்பு: சிறுவயது ரத்தப் புற்றுநோய், பழைய சிகிச்சை விவரம் கிடைத்துவிட்டது

சின்ன வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய்க்கு என்ன மருந்து ஏற்றினார்கள், கோப்பு தொலைந்தால் எங்கே தேடுவது என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

மருத்துவமனையில் அவ்வளவு பழைய ஆவணம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். "வீட்டில் யாராவது மருத்துவச் செலவைத் திரும்ப வாங்கியிருந்தால் அந்த ஆபீஸில் கேளுங்கள்" என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான் பலித்தது. அப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் பில்களோடு டிஸ்சார்ஜ் சம்மரி நகலும் இருந்தது. கரையான்கூடத் தொடவில்லை!

அதில் டானோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து எவ்வளவு ஏற்றினார்கள் என்பது தெளிவாக இருந்தது. இந்த வகை மருந்துகள் பல வருடம் கழித்தும் இதயத்தைப் பலவீனமாக்கலாம். இதே வகையைச் சேர்ந்த டாக்ஸோரூபிசின் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்டு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மி.கி. எட்டினால் ஆபத்து அதிகம். எனக்கு அதைவிடக் குறைவு. மதுரையிலேயே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தேன், நார்மல்.

எதிர்பாராதது ஒன்று: அப்போது ரத்தம் ஏற்றியதால், ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் சி-க்கான பரிசோதனையும் எழுதினார் டாக்டர். இங்கே யாரும் சொல்லாத விஷயம். நெகட்டிவ்தான்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணம் வீண் என்று இங்கே பதில் போட்டவருக்கு: குணமானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளால்தான் இந்த 250 மி.கி. எல்லையே தெரிந்தது. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் அப்படி ஒன்று 1994 முதல் நடக்கிறது.

அடுத்த எக்கோ ஐந்து வருடத்தில்.