1785: அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸின் ஆளுநரைச் சட்டமன்றம் தேர்ந்தது ஏன்?

மேலூர் வாசகர்: மக்கள் வாக்களித்த பிறகும் ஜேம்ஸ் போடனைச் சட்டமன்றமே ஆளுநராக்கியது என்று படித்தேன். மக்கள் தீர்ப்பு அங்கே செல்லாமல் போனதா, ஐயா?

திருமங்கலம் ஆசிரியர்: இல்லை, தம்பி. ஆளுநராக இருந்த ஜான் ஹான்காக் விலகியபின் நடந்த அத்தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறவில்லை; ஆகவே 1780ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, முன்னணியில் நின்றவர்களில் இருவரைக் கீழவை தேர்ந்து அனுப்ப, அவர்களுள் ஒருவரை மேலவை ஆளுநராக்கியது.

மதுரை வாசகர்: 2022இல் நம் மாநகராட்சி மேயரை 100 வார்டு உறுப்பினர்கள் தேர்ந்ததோடு இதை ஒப்பிட முடியாது, மேயருக்கென நாம் வாக்களிக்கவே இல்லை. என்னை உறுத்துவது மாசசூசெட்ஸுக்கு அண்டையில் உள்ள வெர்மான்ட்தான்: 1789இல் முதலிடம் பெற்ற தாமஸ் சிட்டெண்டனை விட்டு, மோசஸ் ராபின்சனைச் சட்டமன்றம் ஆளுநராகத் தேர்ந்தது. மறு ஆண்டே சிட்டெண்டன் பதவிக்குத் திரும்பினார்.

திருமங்கலம் ஆசிரியர்: மாசசூசெட்ஸ் 1855இல் விதியைத் திருத்தி, அதிக வாக்குப் பெற்றவரே ஆளுநர் என்றாக்கிவிட்டது.