கடைக்கு அதிகாரிகள் வந்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

டவுண் அல்வாக்கடை:
பிளாஸ்டிக் சோதனைக்கு வந்தார்கள், அபராதம் கட்டினேன். அது போகட்டும். அந்தத் தீக்குச்சிதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மாலை நேரம். சூடான அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய பைக்கட்டை ஆய்வாளர் உருவினார். “துணிப் பை சார்” என்றேன். மொத்த வியாபாரி அப்படிச் சொல்லித்தான் தந்தார். தொட்டால் துணி மாதிரிதான் இருக்கும். அவர் பதில் பேசவில்லை. சாமி படத்தடியில் இருந்த என் தீப்பெட்டியையே எடுத்து, பையின் காதில் ஒரு குச்சியைப் பற்றவைத்துக் காட்டினார். பருத்தியாக இருந்தால் சாம்பலாகியிருக்கும். இது சுருண்டு, கருத்து, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள். என்னைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். அந்தக் கறுப்புப் பொட்டு இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. சுரண்டினால் போய்விடும், சுரண்டவில்லை.

பாளை மளிகை:
அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், தவறு உங்கள் மேல்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடிமன் எவ்வளவானாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது. துணி மாதிரித் தெரியும் நெய்யாத பையும் அந்தப் பட்டியலில் உண்டு. மொத்த வியாபாரி சொன்னார் என்றால் எந்த ஆய்வாளர் கேட்பார்? என் கடைக்கும் வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவ்வளவுதான் என் கதை.

எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். பை வாங்கும்போது ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், நெய்த துணியானால் நூல் பிரியும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும், சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை, மறந்தால் நிலுவை ஏறும். பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். எல்லா ரசீதையும் ஒரே கோப்பில் போட்டுக் கல்லாவுக்கு அடியில் வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

டவுண் அல்வாக்கடை:
தடை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அதே பையை எனக்கு விற்ற கடையில் யாராவது தீக்குச்சி கிழித்தார்களா என்பதுதான் கேள்வி.

இட்லிக்கடை ஆச்சியின் மகள்:
எங்கள் ஊர் பெயர் வேண்டாம், தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூர். பஸ் நிலையம் அருகே அம்மா தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். கோயில் கொடை விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஆக்கிரமிப்பு என்று சொல்லி லாரியோடு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் தினமும் எங்களிடம் நான்கு இட்லி சாப்பிடுகிறவர். வண்டியைத் தூக்குவதற்கு முன் அவர் சட்னிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அம்மாவின் காலடியில் வைத்தார். “ஆச்சி, மூடி வையுங்கள், தூசி விழும்” என்றார். பிறகு சக்கரத்தைப் பிடித்து லாரியில் ஏற்றினார். அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பாளை மளிகை:
தங்கச்சி, தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பொருளை எடுத்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். நீங்கள் கேட்டுப் போனால், கெட்டுப்போகும் பொருளை அன்றே திருப்ப வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளில். அந்தச் சட்டப்படி ஊரில் அமைக்கும் வியாபாரக் குழுவில் பத்துக்கு நான்கு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். மனு எழுதுங்கள், விரைவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இட்லிக்கடை ஆச்சியின் மகள்:
பட்டியலும் இல்லை, கையெழுத்தும் இல்லை அண்ணாச்சி. பதினோராம் நாள் வண்டி கிடைத்தது, ஒரு சக்கரம் குறைவாக. இட்லிக் கொப்பரை கிடைக்கவே இல்லை. அவர் மறுபடியும் சாப்பிட வருகிறார். அம்மா சட்னியைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுகிறார். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜங்ஷன் டீக்கடை:
நான் வாடகைக்கு இருக்கிறேன். கட்டடத்துக்காரர் இறந்துவிட்டார், பிள்ளைகள் மூவரும் மும்பையில். சொத்து வரியை யாரும் கட்டவில்லை. அறிவிப்பு ஒட்ட வந்தவர்கள் என் ஷட்டரில் ஒட்டினார்கள். அதில் என் மகள் டீ டம்ளர் படம் வரைந்திருந்தாள், ஆவி பறக்கிற மாதிரி. “ஓரமாக ஒட்டக் கூடாதா?” என்றேன். “நடுவில் இருந்தால்தான் தெரியும்” என்றார்கள். மூன்று வாரம் மும்பைக்குப் போன் செய்து, பாக்கியைக் கட்டவைத்து, காகிதத்தை உரித்தேன். பசையோடு வண்ணமும் வந்துவிட்டது. இப்போது ஆவி மட்டும் இருக்கிறது, டம்ளர் இல்லை. பாளை அண்ணாச்சி, பெயர்ப் பலகை தமிழில்தான் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது.