சதுக்கம் முழுக்க வெளிச்சம், உட்கார ஆளில்லை: எந்த விளக்கை மாற்றுவது?

திறந்தவெளி

ஏறக்குறைய 50 × 40 மீட்டர் பொதுச் சதுக்கம். நடுவில் 12 மீட்டர் கம்பம், அதன் தலையில் திசைக்கு ஒன்றாக நாலு ஃப்ளட் லைட், ஒவ்வொன்றும் 200 வாட் எல்இடி, 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை ஒளி). பெஞ்சுகள் எல்லாம் ஓரத்தில், மரத்தடியில், நடுவைப் பார்த்தபடி இருக்கின்றன. இந்த விளக்கு வந்த பிறகு மக்கள் கடந்து போகிறார்களே தவிர உட்காருவதில்லை. உட்காருகிற சிலரும் கம்பத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார்கள். பராமரிப்புக் குழுவோ வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் இரண்டு ஃப்ளட் லைட் போடச் சொல்கிறது. எதை அளக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்?

நிழல்கோடு

கூடுதல் ஃப்ளட் லைட் வேண்டாம். நிலைமை இன்னும் மோசமாகும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாலும் சேர்ந்து 800 வாட், வாட்டுக்கு 100 லூமென் (விளக்கு வெளிவிடும் ஒளியின் அலகு) என்றாலும் 80,000 லூமென். 2,000 சதுர மீட்டரில் பாதி ஒளி தரையில் விழுந்தால்கூட சராசரி 20 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்). நடைபாதைக்கும் அமரும் இடத்துக்கும் இது தாராளம். ஐரோப்பிய இஎன் 13201 தரத்தில் பாதசாரிப் பகுதிகளுக்கான உச்ச வகுப்பே சராசரி 15 லக்ஸ்தான். ஆக, குறை அளவில் இல்லை. ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

பெஞ்சில் இருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். கம்பம் 25 மீட்டர் தள்ளி இருந்தால் விளக்கு கிடைமட்டத்துக்கு மேலே 23 டிகிரி அளவில்தான் தெரியும், அதாவது நேராகப் பார்க்கிற பார்வைக்குள்ளேயே. கண் கூசும், கண்பாப்பா சுருங்கும், எதிரே நிற்பவர் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிவார். முதுகைத் திருப்பினால் கூச்சம் போகும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் ஒளி விழாது. உங்கள் சதுக்கத்தில் மக்கள் திரும்பி உட்காருவதற்குக் காரணம் இதுதான்.

ஆட்கள் நின்று பேச வேண்டுமென்றால் முகம் தெரிய வேண்டும். 4 மீட்டர் தூரத்தில் வருபவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரிந்தால்தான் மனசு இளகும். அதனால் தரை லக்ஸை மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள். 1.5 மீட்டர் உயரத்தில் லக்ஸ் மீட்டரைச் செங்குத்தாகப் பிடித்து நான்கு திசையிலும் அளவெடுங்கள். பெஞ்சு அருகிலும் நுழைவாயிலிலும் எந்தத் திசையிலும் 3 லக்ஸுக்குக் குறையக் கூடாது. தரையில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி, உங்கள் இடத்துக்கு 80 புள்ளிகள் வரும். சராசரி 10 லக்ஸ், மிகக் குறைந்த புள்ளி 2 லக்ஸ் இருந்தால் போதும். மீட்டர் 0.1 லக்ஸ் வரை காட்ட வேண்டும். இந்த அளவில் போன் ஆப் நம்பகமில்லை.

மாற்று இப்படி: 4.5 மீட்டர் கம்பம், 30 வாட், 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி), சிஆர்ஐ (நிறங்களை இயல்பாகக் காட்டும் அளவு) 80, மேல்நோக்கி ஒளி சிந்தாத மூடிய தலை. ஓரத்திலிருந்து 5 மீட்டர் உள்ளே தள்ளி, 16 மீட்டருக்கு ஒன்று வீதம் 9 கம்பம், நடுவில் 2. மொத்தம் 330 வாட். வாட்டுக்கு 125 லூமென் தரும் விளக்கானால் சராசரி 10 லக்ஸ் வந்துவிடும். கம்பம் பெஞ்சுக்கு நேர் எதிரே வேண்டாம், 2–3 மீட்டர் பக்கவாட்டில் விலக்கி நடுங்கள். நேர் மேலேயும் வைக்காதீர்கள்: கண்குழி இருண்டு முகம் முரடாகத் தெரியும், பூச்சியும் தலையில் கொட்டும்.

மரத்தடி

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஓரத்து இருட்டைத் தனியாகக் கவனிக்காவிட்டால் புதுக் கம்பங்களும் பாதி வீண்.

நடுவில் பளிச்சென்று இருந்து எல்லையில் எதுவும் தெரியாவிட்டால், அந்த எல்லை ஆளை விழுங்கும் இருட்டாகத்தான் தோன்றும். பிரகாசத்துக்குப் பழகிய கண் இருளுக்கு முழுதாகப் பழக 20–30 நிமிடம் ஆகும். அதுவரை மரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. சுற்றுச்சுவர், கட்டட முகப்பு, மரத்தண்டு ஆகியவற்றின் மேல் கொஞ்சம் ஒளி விழட்டும். 5 லக்ஸ் போதும். இடம் எங்கே முடிகிறது, வழி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். செலவு குறைவு, பலன் அதிகம், ஆனால் பெரும்பாலான திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இதுதான்.

விளக்குத்தலை கிளைக்கு மேலே இருந்தால் பெஞ்சில் விழுவது இலையின் நிழல்தான். கிளை விரிவுக்குக் கீழே வருகிற உயரம் அல்லது கிளை விரிவுக்கு வெளியே. தரையிலிருந்து மரத்தை மேல்நோக்கி அடிக்கும் விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். நடப்பவர் கண்ணில் அடிக்கும், பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் கேடு.

ஒரு மீட்டர் உயரக் குட்டை விளக்குகளைக் காட்டி அழகாக இருக்கும் என்று விற்பார்கள். அவை தரையைக் காட்டும், முகத்தைக் காட்டாது. படிக்கட்டு ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரவுநடை

பாதுகாப்புக் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில், எங்கே வைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தற்காலிக விளக்குக் கோபுரங்கள் வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடும் குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. ஆகவே வெளிச்சம் உதவத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் குறைவது வேறு, மக்கள் உட்கார்ந்து பேசுவது வேறு. அந்தக் கோபுரங்களின் அடியில் யாரும் நாற்காலி போட்டுக் கதை பேச மாட்டார்கள்.

பெண்களும் முதியவர்களும் வர வேண்டுமென்றால் சதுக்கத்தின் நடுவைவிட, அங்கே வந்து சேரும் வழி முக்கியம். பேருந்து நிறுத்தம், கழிப்பறை, வாகன நிறுத்தம் ஆகியவற்றிலிருந்து பெஞ்சு வரை ஒளி எங்கும் அறுபடக் கூடாது. ஒரு விளக்கு அணைந்து ஒரு திருப்பம் இருண்டால், அந்த வழியையே விட்டுவிடுவார்கள். அணைந்த விளக்கைப் புகார் செய்ய ஒவ்வொரு கம்பத்திலும் எண் எழுதுங்கள்.

இன்னொன்று: அசைவைக் கண்டு எரியும் சென்சார் விளக்கை அமரும் இடத்தில் போடாதீர்கள். அசையாமல் உட்கார்ந்து பேசுபவர்களை சென்சார் கண்டுகொள்ளாது. நடுப்பேச்சில் விளக்கு அணையும், எல்லோரும் எழுந்து போவார்கள். நள்ளிரவை நெருங்கும்போது பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் சில நிமிடம் எடுத்து மெல்லக் குறைக்கிற டிரைவரை (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) போடுங்கள்.

எர்த்கம்பி

மின் வேலை பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன். விளக்கு கெடுவது பெரும்பாலும் எல்இடி சில்லால் அல்ல, டிரைவரால். காரணம் இரண்டு: ஒன்று மின்னலாலும் மின்வழியிலும் திடீரென எகிறும் மின்னழுத்தம் (சர்ஜ்), அடுத்தது ஈரம்.

ஒவ்வொரு கம்பத்துக்கும் 10 கிலோவோல்ட் சர்ஜ் புரொடெக்டர், சரியான எர்த்திங். அடிப்பெட்டியின் கதவு தரையிலிருந்து குறைந்தது 50 செ.மீ. மேலே. கேபிள் க்ளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்து இறுக்கி) கீழ்நோக்கி இருந்தால்தான் மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே இறங்காது. பயன்படாத துளைகளை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். விளக்குத்தலை ஐபி66 (தூசும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்). அடிப்பெட்டி குழந்தைகள் தொடும் உயரம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம்.

வாங்குமுன் ஒரு மாதிரி விளக்கை எரியவிட்டுப் போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் மலிவான டிரைவர். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பால் சிலருக்குக் கண் வலியும் தலைவலியும் வரும், சிறிது நேரத்தில் எழுந்துவிடுவார்கள்.

திறந்தவெளி

எல்லோருக்கும் நன்றி. 12 மீட்டர் கம்பத்தை அகற்றிவிடவா? குழுவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

நிழல்கோடு

அகற்ற வேண்டாம். தனி ஸ்விட்சில் வைத்து விழா, கூட்டம், அவசரம் ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள். பெரிய வேலைக்கு முன் சோதனை செய்யுங்கள்: ஒரு மூலையில் மட்டும் 4.5 மீட்டர் தற்காலிகக் குழாய்க் கம்பங்கள் 3, அதே 3000 கெல்வின் விளக்கு, ஃப்ளட் லைட்டை அணைத்துவிட்டு. முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம், ஒரே கிழமைகளில், மாலை 6.30 முதல் 9 வரை அரை மணிக்கு ஒருமுறை எண்ணுங்கள். கடப்பவர், நிற்பவர், உட்காருபவர் தனித்தனியாக. பெண்கள், குழந்தைகள், முதியவர் தனியாக. மழை நாளை விட்டுவிடுங்கள். குழுவிடம் லக்ஸ் கணக்கைக் காட்டாதீர்கள், உட்காருபவர் எண்ணிக்கையைக் காட்டுங்கள்.