பேட்மேன்: கேப்ட் க்ரூசேடர் - மூணு எபிசோட் பார்த்தாச்சு, இந்த புரூஸ் ஏன் இவ்வளவு இறுக்கம்?

மைக்கூடு:

அமேசான் பிரைம்ல இந்த அனிமேஷன் தொடரோட முதல் மூணு எபிசோட் முடிச்சேன். இன்னும் ஏழு இருக்கு. அதுக்குள்ள இங்கே ஒண்ணு கேட்கணும்.

1992ல வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரைப் பார்த்துதான் எனக்கு வரையணும்னு ஆசையே வந்தது. அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான புரூஸ் டிம்தான் இதுக்கும் பொறுப்பு. அந்தத் தொடர்ல பின்னணியெல்லாம் கறுப்புத் தாள்ல வரைஞ்சாங்க, டிம்மோட சேர்ந்து தொடரை உருவாக்கின எரிக் ரடோம்ஸ்கி கொண்டுவந்த முறை. இருட்டு ஏற்கெனவே தாள்ல இருக்கும். ஜன்னல் வெளிச்சம், தெருவிளக்கு, ஈரத் தரையோட மினுக்கு, இதை மட்டும் மேல வெச்சா போதும். அதனாலதான் பேட்மேனோட ஊரான அந்த கோதம்ல பகல் காட்சிகூட சாயங்காலம் மாதிரி இருக்கும்.

புதுசுல அந்த அடர்த்தி எனக்குக் கிடைக்கலை. 1940கள் மாதிரி தொப்பி, நீளக் கார், டயல் ஃபோன்னு காலம் அழகா வந்திருக்கு. ஆனா கோடும் கலரும் ரொம்பச் சுத்தம். சண்டையில ஒரு குத்து விழுந்தா அதோட கனம் தெரியலை.

கதை பிடிச்சிருக்கு. பென்குயின்ங்கிற வில்லன் இதுல ஒரு பெண், பேரு ஆஸ்வால்டா. குரல் மின்னி டிரைவர். அவ தன் பிள்ளைங்களை நடத்துற விதத்தைப் பார்த்து நிஜமாவே பயந்தேன். முகத்தை மாத்திக்கிற வில்லன் க்ளேஃபேஸ் வர்ற எபிசோட், பழைய ஸ்டூடியோ திகில் படம் பார்த்த மாதிரி. கேட்வுமன்ங்கிற திருடி வர்ற எபிசோட் மனசுல நிக்கலை.

என் கேள்வி புரூஸ் வெய்ன் பத்தி, அதான் முகமூடிக்குப் பின்னாடி இருக்கிற பேட்மேன். அவனுக்குப் பேசின ஹாமிஷ் லிங்க்லேட்டர் குரல்ல குறை இல்லை. ஆனா தன்னை வளர்த்த வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்கிட்ட, சம்பளத்துக்கு இருக்கிற ஆள்கிட்ட பேசுற மாதிரி பேசுறான். 1992 தொடர்ல கெவின் கான்ராய் பேசினப்ப அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஈரம் இருக்கும். இது எழுத்துல விட்டுப்போனதா, வேணும்னே செஞ்சதா? கதையை உடைக்காம சொல்லுங்க.

பழையபுத்தகக்கடை:

வேணும்னேதான்னு நான் நினைக்கிறேன். 1939 மே மாசம், டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழ்ல பில் ஃபிங்கரும் பாப் கேனும் முதல்முதலா கொண்டுவந்த பேட்மேனை நினைச்சுப் பாருங்க. முதல் கதையிலேயே ஒருத்தனை அடிச்சு அமிலத் தொட்டிக்குள்ள விழவைப்பான். வருத்தமே கிடையாது. அப்பா அம்மா கொலையான கதைகூட அந்த வருஷம் நவம்பர்ல, 33ஆம் இதழ்லதான் வருது. அவன் கூட்டாளி ராபின் வந்தது 1940. ஆல்ஃபிரட் 1943. அந்த முதல் வருஷம் அவனுக்கு வீட்டுல மனசு விட்டுப் பேச ஆளே இல்லை. டிம் திரும்பிப் போறது அங்கதான். முகமூடியில நீளமா வெளிப்பக்கம் சாய்ஞ்ச காது இருக்கே, அது அப்படியே அந்த இதழ்கள்ல இருக்கிறது.

இரவுப்பேருந்து:

அஞ்சாவது எபிசோட் வரைக்கும் பொறுங்க. ஹார்லி க்வின் வர்றா. பால் டினியும் டிம்மும் 1992 தொடருக்காக, பேட்மேனோட பரம எதிரி ஜோக்கரோட கூட்டாளியா உருவாக்கின பாத்திரம் அவ. இங்கே ஜோக்கர் நிழல்கூட இல்லாம தனியா நிக்கிறா. மனநல மருத்துவரா இருக்கும்போது கலகலன்னு பேசுவா, வேஷம் போட்டா உறைஞ்சு போயிடுவா. புரூஸ் அவ முன்னாடி உட்கார்ந்து பதில் சொல்லவேண்டி வருது. நீங்க இங்கே கேட்ட கேள்வியை அவன் மூஞ்சிக்கு நேரா ஒருத்தி கேட்குறா.

இன்னொண்ணு. இந்தத் தொடரோட தலைமை எழுத்தாளர் எட் ப்ரூபேக்கர். கோதம் போலீஸ்காரங்களை மையமா வெச்சு ‘கோதம் சென்ட்ரல்’ காமிக்ஸை கிரெக் ரக்காவோட சேர்ந்து எழுதினவர். அதனால போலீஸ்ல இருக்கிற மோன்டோயா, லஞ்சம் வாங்குற ஃப்ளாஸ், புல்லக், வக்கீலா வர்ற பார்பரா கார்டன் இவங்களுக்கு இவ்வளவு நேரம் கிடைக்குது. நீங்க தேடுற ஈரம் அந்தப் பக்கம்தான் இருக்கு.

கனம் இல்லைன்னு சொன்னீங்களே, அதை நான் ஒத்துக்கறேன். நாலாவதுல நெருப்பு வைக்கிற ஒருத்தன் வர்றான். அதுல மட்டும் வெளிச்சமும் நிழலும் கொஞ்சம் உயிரோட இருக்கு.

செல்விஅம்மா:

குறுக்கே கேட்கிறதுக்கு மன்னிக்கணும். என் பொண்ணுக்கு எட்டு வயசு. பேட்மேன்னா உயிர். அவளுக்குப் போட்டுக் காட்டலாமா?

மைக்கூடு:

@பழையபுத்தகக்கடை, 1939 விஷயம் எனக்கு நிறையத் தெளிவாக்குச்சு, நன்றி. ஆனா முழுசா ஒத்துக்க முடியலை. அந்த இதழ்கள்ல ஆல்ஃபிரடே கிடையாதுன்னு நீங்களே சொல்றீங்க. ஆள் இல்லாத வீட்டுல அவன் தனியா இருக்கிறது வேற. இங்கே தினமும் சாப்பாடு எடுத்துட்டு வந்து காத்திருக்கிற ஒருத்தர் இருக்கார். அவரை உள்ள கொண்டுவந்துட்டா, அந்த இறுக்கத்துக்குக் கதை ஒரு விலை கொடுத்தே ஆகணும். கொடுக்குதான்னு பார்க்கத்தான் மிச்சத்தைப் பார்க்கப் போறேன். @இரவுப்பேருந்து, அந்த மருத்துவர் விஷயம் கேட்டதும் அஞ்சாவதுக்கே தாவிடலாமான்னு இருக்கு, ஆனா வரிசையாவே பார்க்கிறேன்.

@செல்விஅம்மா, வேண்டாங்க. 1992 தொடர் குழந்தைங்க நேரத்துல ஒளிபரப்பானது, அதனால ரத்தம், சாவு விஷயத்துல கட்டுப்பாடு இருந்தது. இதுல முதல் எபிசோட்லயே கொலை வருது, அதுவும் ஒரு தாய் கையால. எட்டு வயசுக்கு அது கனம்.

அவளுக்கு 1992 தொடரையே காட்டுங்க. இல்லைன்னா 1941ல ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோ ஆரம்பிச்ச சூப்பர்மேன் குறும்படங்கள் இருக்கு, மொத்தம் பதினேழு. காப்புரிமை இல்லாததால இணையத்துல இலவசமாவே கிடைக்கும். டிம்மும் ரடோம்ஸ்கியும் அந்த இருட்டையும் வெளிச்சத்தையும் பார்த்துத்தான் 1992ல வேலையைத் தொடங்கினாங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க. 1942ல வந்த சிலதுல போர்க்கால வெறுப்பு இருக்கு, ஜப்பானியரை ரொம்ப இழிவா வரைஞ்சிருப்பாங்க. அதையெல்லாம் ஒதுக்கிட்டு, ‘மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ முதல்ல போடுங்க. பத்து நிமிஷம்தான். ராட்சச இயந்திரங்கள் பறந்து வந்து பேங்க்கைக் கொள்ளையடிக்கும்.