கலைச்சொல் உதவி: ‘கன்ஃபவுண்டர்’, திங்களுக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஆலைத் தொழிலாளர்களுக்கான நச்சுப்பொருள் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. பென்சீன் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவின் ஒஹையோவில் பென்சீனைப் பயன்படுத்திப் பிளையோஃபிலிம் என்ற ரப்பர் மென்தாள் செய்தவர்களை ஆராய்ந்த இன்ஃபான்டே குழுவினர், ரத்தப் புற்றுநோய் ஆபத்து குறைந்தது ஐந்து மடங்கு கூடியிருப்பதாக 1977இல் எழுதினார்கள். இத்தகைய ஆய்வு எதைப் பார்த்தாலும், “அவர்கள் புகைபிடித்ததால் வந்திருக்கலாமே?” என்று ஒருவர் கேட்பார். புகைப்பவர்களுக்கும் அந்த நோய் சற்றுக் கூடுதல்தான். இப்படி ஊடே புகுந்து கணக்கைக் கெடுப்பதுதான் கன்ஃபவுண்டர். தமிழில்?

செல்வி

*

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: மயக்கம். மயங்குதல் என்றால் கலத்தல். திணைமயக்கம், மெய்ம்மயக்கம் தெரியாதவர் இங்கே இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஓர் இயலின் பெயரே வேற்றுமை மயங்கியல். லத்தீனிலும் அந்தச் சொல்லுக்குச் ‘சேர்த்து ஊற்றுதல்’ என்பதே மூலப்பொருள். ஆகவே ‘மயக்குக் காரணி’. மையல், மயல், மயக்கம் எல்லாம் ஒரே கொடியில் பூத்தவை. மயிலும் அந்தக் கொடிதானோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்.

புலவர் ந.

*

ஐயா, மயிலை விட்டுவிடுங்கள். பென்சீன் ஆவியை இழுத்தாலே தலைசுற்றி மயக்கம் வரும். அந்தக் கையேட்டில் போய் ‘மயக்குக் காரணி புகைப்பழக்கம்’ என்று எழுதினால், பீடி குடித்தால் மயங்கி விழுவோம் என்றுதான் தொழிலாளி படிப்பார். ‘குழப்பக் காரணி’ போதும்.

மருத்துவர் இரா.

*

குழப்பம் ஆராய்ச்சியாளர் தலைக்குள் நடப்பது. தரவில் நடப்பது கலப்பு.

புலவர் ந.

*

செல்வி எழுதிய ‘ஊடே’ நன்றாக இருக்கிறதே. ‘ஊடு காரணி’?

மணி

*

மணி, அது வேறு. பென்சீன் எலும்பு மஜ்ஜையைச் சிதைத்து, அதன்வழியே நோய் வருகிறது. அந்தச் சிதைவுதான் ஊடே நிற்பது. கன்ஃபவுண்டர் வழியில் நிற்காது, பக்கத்தில் நின்று காரணம், நோய் என்ற இரண்டு முனையையும் தொடும். புகையைக் கணக்கில் கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும். மஜ்ஜைச் சிதைவையும் கழித்தால் பென்சீன் குற்றமற்றதாகிவிடும். ஆலை முதலாளிக்கு மகிழ்ச்சி.

மருத்துவர் இரா.

*

அப்படியென்றால் இன்னொன்று. வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் உடல் திடமானவர்கள். படுக்கையில் கிடப்பவர்களையும் சேர்த்த நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் ஆபத்து குறைந்தே தெரியும். அதற்கும் ஒரு சொல் வேண்டுமே?

மணி

*

அது திங்களுக்குப் பிறகு, மணி அண்ணா. ‘குழப்பக் காரணி’ என்றே அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் ‘கணக்கைக் கலக்கிவிடும் வேறு காரணம்’ என்று விளக்கமும் சேர்த்தேன். அனைவருக்கும் நன்றி.

செல்வி

*

‘கலக்கிவிடும்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா. அதற்குப் பெயர்தான் மயக்கம். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மயிலுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.

புலவர் ந.