ஒரு நாள் குஞ்சு: சேவலா, பெட்டையா? நிறம் பார்த்துப் பிரிக்கிற அனுபவங்கள்

கொடுங்கையூர்
மாடியில ஆர்.ஐ.ஆர். (ரோட் ஐலண்ட் ரெட்ங்கிற சிவப்புக் கோழி இனம்) சேவலும், இறகுல வெள்ளையும் கறுப்புமா கோடு போட்ட வரிப் பெட்டையும் விட்டு எடுத்த குஞ்சு எல்லாமே கறுப்பா இருக்கு. சேவலை எப்படிப் பிரிக்கிறது? தெரிஞ்ச அண்ணன்மாருங்க எழுதுங்க.

மாதவரம்
தம்பி, குஞ்சைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தாய் தகப்பனைப் பார்க்கணும். கோழியில சேவலா பெட்டையான்னு தீர்மானிக்கிற இசட் குரோமோசோம் சேவலுக்கு ரெண்டு, பெட்டைக்கு ஒண்ணுதான். அந்த ஒண்ணு மகனுக்கு மட்டும்தான் போகும். மகளுக்கு வர்ற இசட் அப்பன் கொடுத்தது. வரிக்கான மரபணு அந்த இசட்டில்தான் உட்கார்ந்திருக்கு. அதனால ஆத்தாளோட வரி மகன்மேல ஏறும், மகள் அப்பனைப் போல வரியில்லாம வரும். உங்க ஜோடி சரியான ஜோடி.

பொரிச்ச குஞ்சை ஈரத்தோட தொடாதீங்க. மயிர் ஒட்டிக்கிட்டு இருக்கும்போது புள்ளி மறைஞ்சுடும். காய்ஞ்சு பூத்த பிறகு, அரை நாள் கழிச்சு, ஒவ்வொண்ணா உள்ளங்கையில வச்சுப் பின்மண்டையைப் பாருங்க. வெள்ளையோ வெளிர் மஞ்சளோ ஒரு பொட்டு இருந்தா சேவல். தலை மொத்தமும் கறுப்புன்னா பெட்டை. சில சேவலுக்குப் பொட்டு நாலஞ்சு மயிர் அளவுதான் இருக்கும். லேசா ஊதினா மயிர் விலகித் தெரியும். குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற புரூடர் பல்பு மஞ்சள் வெளிச்சத்துல பார்த்தா கண்டிப்பா ஏமாறுவீங்க, வாசல் பக்கம் பகல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டு வாங்க.

புதுசா பார்க்கிறவங்க தப்பு பண்றது வயித்துல. அடிவயிறு, தொண்டை, இறக்கை நுனி வெளுப்பு ரெண்டுக்குமே வரும். அது கணக்கே இல்லை. தலையை மட்டும் பாருங்க.

வியாசர்பாடி
மேல சொன்னது சரி, ஆனா தலைகீழா மாத்தினா வேலைக்கு ஆகாது. வரிச் சேவல், சிவப்புப் பெட்டைன்னு போட்டா சேவல் குஞ்சு, பெட்டைக் குஞ்சு ரெண்டுக்கும் பொட்டு வந்துடும்.

இன்னொண்ணு, நம்ம ஏரியா சந்துல பெட்டையைத் திறந்து விட்டா பக்கத்து வீட்டுச் சேவல் மிதிக்காம விடாது. பழைய சேவலோட விந்து பெட்டை உடம்புல ரெண்டு மூணு வாரம் தங்கும். சேவலை மாத்தின உடனே முட்டை சேர்த்து வச்சா எந்த அப்பன் குஞ்சுன்னே தெரியாது. பெட்டையைக் கூண்டுல அடைச்சு, மூணு வாரம் வர்ற முட்டையைச் சாப்பாட்டுக்கு எடுத்துட்டு, அதுக்கப்புறம் அடைக்கு வைங்க. கணக்கு தப்பிச்சுன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் இங்கதான் தப்பு பண்ணியிருப்பாங்க.

புழல்
வரி கிடைக்கலைன்னா தங்கம்–வெள்ளி முறை இருக்கு, அதாவது சேவல்கிட்ட தங்க (சிவப்பு) நிற மரபணு, பெட்டைகிட்ட வெள்ளி (வெள்ளை) நிற மரபணு. ஆர்.ஐ.ஆர். சேவலை லைட் சசெக்ஸ்ங்கிற வெள்ளை இனப் பெட்டைமேல விட்டா சேவல் குஞ்சு வெளிர் மஞ்சள், பெட்டைக் குஞ்சு செம்பழுப்பு. தூரத்துல இருந்தே தெரியும். ஒரே நிபந்தனை, வெள்ளைக் கோழின்னு ஒயிட் லெகார்னைக் கொண்டுவந்து விட்டுடாதீங்க. அதோட வெள்ளை எல்லா நிறத்தையும் மூடிடும், குஞ்சு பெரும்பாலும் மஞ்சளாத்தான் பொரிக்கும்.

இந்தக் கலப்புக் குஞ்சுங்களையே வளர்த்து ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா அடுத்த தலைமுறையில கணக்கு உடைஞ்சுடும். தங்கமும் வெள்ளியும் ரெண்டு பால்லயும் கலந்து வரும். ஒவ்வொரு தடவையும் அசல் தாய் தகப்பன்கிட்டதான் திரும்பணும். தலைமுறை தலைமுறையா நிறம் பார்த்துப் பிரிக்கிற இனம் வேணும்னு கேம்பிரிட்ஜில மரபியல் விஞ்ஞானி பன்னெட் 1920-களோட கடைசியில வரிக் கோழியையும் கேம்பைன்ங்கிற இனத்தையும் சேர்த்து கேம்பார்ங்கிற இனத்தை எடுத்தாரு. லெகார்னை வச்சு அதே மாதிரி எடுத்த இனம் லெக்பார்.

கொடுங்கையூர்
சரிங்க அண்ணே. ரெண்டு பக்கமும் சுத்த வரிக் கோழின்னா?

மாதவரம்
பொட்டு ரெண்டுக்கும் இருக்கும். சேவலுக்கு ரெண்டு பங்கு மரபணுங்கிறதால பெரிசா, ஓரம் கலைஞ்சு பரவியிருக்கும். பெட்டைக்குச் சின்னதா, இறுக்கமா இருக்கும், கால் நிறமும் கொஞ்சம் கறுப்படிச்சிருக்கும். அனுபவக் கண்ணுக்கே சிலது தப்பும்.

தண்டையார்பேட்டை
நாட்டுக் கோழிக்கு இதையெல்லாம் எதிர்பார்க்காதீங்க. அணில் மாதிரி முதுகுல கோடு போட்ட குஞ்சுல, கண்ணுக்குப் பின்னால போற கோடு கருப்பா தெளிவா இருந்தா பெட்டையா இருக்கலாம், மங்கலா கலைஞ்சிருந்தா சேவலா இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். கடக்நாத் எல்லாம் ஒரே கறுப்பு, பார்த்துப் பயன் இல்லை. நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை, ஊசியை நூல்ல கட்டித் தொங்க விடுறது, இதெல்லாம் பொழுதுபோக்கு.

தெருவுல பச்சை, ரோஸ் சாயம் பூசிக் கூடையில வர்ற குஞ்சுல பெட்டை தேடாதீங்க. முட்டைக்கோழி ஹேச்சரியில கழிச்சுவிட்ட சேவல்தான் அதுல அதிகம்.

ஆசனவாய் பிதுக்கிப் பார்க்கிற ஜப்பான் முறையை யூடியூப் பார்த்து வீட்டுல பண்ணாதீங்க. அழுத்தம் கொஞ்சம் கூடினா வயித்துக்குள்ள இருக்கிற மஞ்சள்கரு பை உடைஞ்சு, குஞ்சு செத்துடும்.

மாதவரம்
பிரிச்ச உடனே அடையாளம் போடுங்க. பொட்டு, மஞ்சள் எல்லாமே இறகு முளைக்க முளைக்கக் காணாம போயிடும். கால்ல பிளாஸ்டிக் வளையம் போதும், நூல் வேண்டாம், கால் பருத்தா சதைக்குள்ள இறங்கிடும். வளையத்தையும் வாரத்துக்கு ஒரு தடவை விரல் விட்டுச் சுத்திப் பாருங்க. சுத்தலைன்னா அன்னிக்கே பெரிசா மாத்துங்க.